வால்வு திறக்கிறவர்

பொறியியல் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த குடிநீர்த் திட்டம், முப்பது ஆண்டுகளுக்குப் பின் ஊரின் மக்கள்தொகை எவ்வளவு இருக்கும் என்று கணக்கிடுவதில் தொடங்கும். தலைக்கு இத்தனை லிட்டர், குழாயின் விட்டம், உராய்வில் இழக்கும் அழுத்தம், மோட்டாரின் குதிரைத்திறன், கடைசியாக மேல்நிலைத் தொட்டியின் கொள்ளளவு. விடையின் கீழே இரட்டைக் கோடு போட்டால் முழு மதிப்பெண். அந்த மோட்டாரை விடிகாலையில் யார் எழுந்து போடுவார், கரண்ட் பில்லை யார் கட்டுவார் என்றெல்லாம் கேள்வித்தாளில் வந்ததில்லை. குடித்ததும் குளித்ததும் போக அந்தத் தண்ணீர் எங்கே போகும் என்பது வேறு பாடம். அதற்கு வேறு வாத்தியார். இரண்டும் ஒரே ஊரின் மண்ணுக்குள் சந்தித்துக்கொள்ளும் என்று இரண்டு பேருமே சொல்லவில்லை.

அதையெல்லாம் எனக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் திறப்புவிழாக் கல்வெட்டில் பெயர் வராதவர்கள். அடிபம்பு ஃபிட்டர், தொட்டி ஆபரேட்டர், செப்டிக் டேங்க் லாரி ஓட்டுநர்.

குடிநீர் வாரியத்தில் வேலைக்குச் சேர்ந்தது எண்பதுகளின் நடுவில், கோவை மாவட்டத்தில். அப்போது அங்கே அடிபம்புகளை வைத்து ஒரு பெரிய சோதனை நடந்துகொண்டிருந்தது. 1983-இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் உலக வங்கியும் சேர்ந்து தொடங்கியது. இந்தியா முழுக்க நட்டுக்கொண்டிருந்த 'இந்தியா மார்க் 2' பம்பு நம் சென்னை ரிச்சர்ட்சன் அண்ட் குருடாஸ் தொழிற்கூடத்தில் யுனிசெஃப் துணையோடு வடிவெடுத்தது. உறுதியில் அதைக் குறை சொல்ல முடியாது. அதற்கு முன்பிருந்த வார்ப்பிரும்பு பம்புகள் ஒரு வீட்டுக்கு என்று செய்தவை. முழுத் தெருவும் விடிந்ததிலிருந்து அடித்தால் கைப்பிடி கையோடு வந்துவிடும். மார்க் 2 அப்படி உடையாது. ஆனால் உள்ளே சிலிண்டரில் இருக்கும் தோல் வாசர் தேய்ந்துவிடும். அந்தச் சின்ன வாசரை மாற்ற, மூன்று மீட்டர் நீளக் குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, சிலிண்டர்வரை எல்லாவற்றையும் மேலே எடுக்க வேண்டும். நாலைந்து ஆள், ஒரு வேன், கனமான கருவிகள். வேன் மாவட்டத் தலைநகரிலிருந்து வரவேண்டும். வேன் வரும்வரை பெண்கள் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றுக்கு நடப்பார்கள்.

கோவைச் சோதனையிலிருந்து வந்தது மார்க் 3. மாற்றம் ஒன்றும் பிரமாதமாகத் தோன்றாது: இறங்கு குழாயை 65 மில்லிமீட்டர் அகலமாக்கினார்கள். சிலிண்டரின் உள்பாகங்களை அந்தக் குழாய் வழியாகவே கம்பியோடு மேலே உருவிவிடலாம். தோல் வாசருக்குப் பதில் நைட்ரைல் ரப்பர். ஊரிலேயே இரண்டு பேர் சின்னக் கருவிகளை வைத்துக்கொண்டு செய்கிற வேலை. ஒரு அடிக்கு எத்தனை லிட்டர் வருகிறது என்று நான் குறித்துக்கொண்டிருந்தேன், கூட இருந்த ஃபிட்டர் பீடியை அணைத்துவிட்டுச் சொன்னார்: "தண்ணி வர்றது பெருசில்லீங்க சார். நின்னா, மறுக்கா எத்தன நாள்ல வருதுன்னு எழுதுங்க." அந்தச் சோதனையின் சாரமே அதுதான். உலக வங்கி அறிக்கைகளில் அதற்குப் பெரிய பெயர்கள் இருந்தன. அவர் சொன்னது போதும்.

மார்க் 3 பரவலாக வெல்லவில்லை. அகலக் குழாய் கனம், விலையும் கூடுதல். மார்க் 2 எங்கும் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது. அதோடு கோவையின் நிலத்தடி நீர் இரண்டு பம்புக்கும் எட்டாத ஆழத்துக்கு இறங்கிவிட்டது. அடிபம்பின் இடத்தில் போரும் மோட்டாரும் மேல்நிலைத் தொட்டியும் வந்தன.

தொட்டி வந்ததும் ஆபரேட்டர் வந்தார். ஊராட்சியின் சம்பளப் பதிவேட்டில் அவர் பெயர் கடைசியில் இருக்கும், தொகையும் அப்படியே. முழுநேர ஊழியர் என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், ஆனால் விடிகாலை நாலரைக்கு அவர் மோட்டார் போடாவிட்டால் ஆறு மணிக்கு ஊராட்சித் தலைவர் வீட்டு வாசலில் குடங்கள் நிற்கும். அவர் கூலி வேலைக்கு வெளியூர் போகும் நாள்களில் அவர் மனைவி போடுவார்; அந்தப் பெயர் பதிவேட்டில் இல்லவே இல்லை.

தருமபுரி மாவட்டத்து ஊர் ஒன்றில் நான் இப்படி ஒருவரிடம் பாடம் கேட்டேன். முப்பதாயிரம் லிட்டர் தொட்டி, மூன்று பிரிவுக்கு மூன்று வால்வு. என் வரைபடத்தில் மூன்று வால்வும் திறந்திருக்கும், எல்லாத் தெருவுக்கும் ஒரே நேரத்தில் கணக்கிட்ட அழுத்தத்தில் தண்ணீர் போகும். அவர் நடைமுறை வேறு. தொட்டி நிரம்பி நிற்கும்போதுதான் மேட்டுத் தெருவுக்கு ஏறும். அதனால் அதை முதலில் திறப்பார். பாதி குறைந்ததும் அதை மூடிவிட்டு நடுத்தெரு. பள்ளத்தில் இருக்கும் தெருவுக்கு வால்வை ஆறே சுற்றுத்தான் திருப்புவார். முழுக்கத் திறந்தால் இருக்கிற தண்ணீரெல்லாம் அங்கே ஓடிவிடும் என்று அவருக்குத் தெரியும். பெர்னோலி பெயர் அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார். என்னைவிடத் துல்லியமாக அந்தக் குழாய்களை அறிந்திருந்தார்.

காலனி கடைசியில் இருந்தது. பெரும்பாலான ஊர்களில் காலனி ஊருக்கு வெளியே, குழாய்க்கும் கடைசியில். மேட்டுத் தெருவுக்கு எத்தனை நிமிடம், காலனிக்கு எத்தனை நிமிடம் என்பது வால்வுச் சாவியின் முடிவு என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றும். ஆனால் உள்ளாட்சித் தேர்தலுக்குப் பிறகு நான் அந்த ஊர்ப் பக்கம் போனால், யார் ஜெயித்தார் என்று கேட்க வேண்டியதில்லை. வால்வு திறக்கும் வரிசையைப் பார்த்தால் போதும்.

அழுத்தம் போதாத தெருவில் மக்கள் சும்மா இருப்பதில்லை. தெருக்குழாயின் தண்டை உடைத்துத் தாழ்த்தி, முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டி, அதற்குள் குடத்தை இறக்கிப் பிடிப்பார்கள். தாழ்வாக இருந்தால் கொஞ்சம் கூடுதலாக வரும், கணக்கு சரிதான். ஆனால் தண்ணீர் நின்றபிறகு அந்தக் குழி நிரம்பி நிற்கும். பாத்திரம் கழுவிய நீரும், நாய் வாய் வைத்ததும், மழையில் சாக்கடை வழிந்ததும் அதில்தான். வால்வை மூடியதும் குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகிக் குழியின் நீரை உள்ளே இழுக்கும். வசதியுள்ள வீட்டுக்காரர் குழாயில் நேராக மோட்டார் வைத்து உறிஞ்சினால் இழுவை இன்னும் கூடும். கசிகிற ஒவ்வொரு மூட்டும் அப்போது சாக்கடைக்கு ஒரு வாசல். அடுத்த நாள் காலை முதல் குடத்தில் வருவது தொட்டியின் தண்ணீர் அல்ல, முந்தின நாள் குழியின் தண்ணீர்.

ஒரு முறை வயிற்றுப்போக்கு பரவி, நாங்கள் மாதிரி எடுக்கப் போனோம். தொட்டியடியில் ஆர்த்தோடாலிடின் சொட்டு விட்டால் நல்ல மஞ்சள்; குளோரின் இருக்கிறது. கடைசித் தெருவில் சோதனைக் குழாய் வெறும் தண்ணீர் நிறத்திலேயே நின்றது. விதிப்படி கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சக் குளோரின் வேண்டும். ப்ளீச்சிங் பவுடர் மூட்டையைப் பார்க்கப் போனால், வாய் பிரிந்தபடி மோட்டார் அறை மூலையில், ஈரச் சுவரில் சாய்ந்திருந்தது. புதுப் பொடியில் மூன்றில் ஒரு பங்கு குளோரின் இருக்கும். முப்பதாயிரம் லிட்டருக்கு, லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் 60 கிராம் குளோரின் வேண்டுமென்றால் 180 கிராம் பொடி போதும். காற்றும் ஈரமும் பட்டு அந்தக் குளோரின் பொடியில் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டால் 300 கிராம் வேண்டும். இதை யாரும் ஆபரேட்டருக்குச் சொன்னதில்லை. கொடுத்திருந்தது ஒரு தகர டம்ளர், அளவு 'ஒரு டம்ளர்'. பொடியை வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்தபின் தெளிந்த நீரை மட்டும் ஊற்ற வேண்டும் என்பதும், ஊற்றி அரை மணி நேரம் கழித்தே வால்வைத் திறக்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியாது. அரை மணி தாமதித்தால் தெருவில் கிடைக்கும் பேச்சு மட்டும் தெரியும்.

டம்ளரில் ஒரு கோடு கீறிக் கொடுத்தோம். எங்கள் வருகையில் உருப்படியாக நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

தருமபுரியின் பெரிய தொல்லை ஃப்ளூரைடு. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. அங்கே பாறைக்குள் ஆழமாகப் போன போர்களில் அது தாண்டும். பள்ளிக்கூடத்துக்குப் போனால் பிள்ளைகளின் பல்லைப் பார்த்தே எந்தப் போர்த் தண்ணீர் குடிக்கிறார்கள் என்று ஊகிக்கலாம், பழுப்புக் கோடுகள். வயதானவர்களுக்கு முதுகும் முட்டியும் விறைத்துவிடும். படிகாரமும் சுண்ணாம்பும் கலந்து ஃப்ளூரைடைப் படியவைக்கும் நல்கொண்டா முறையை நாங்கள் வீட்டுக்கு வீடு செய்துகாட்டியிருக்கிறோம். வேதியியல் சுத்தமாக வேலை செய்யும். ஆனால் தினமும் அளந்து போட்டு, கலக்கி, தெளியவைத்து, அடியில் படிந்த சேற்றை எங்கேயாவது கொட்ட வேண்டும். களை எடுக்கப் போகிற பெண்ணிடம் இதைச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிவிடுவது சுலபம்.

கடைசியில் காவிரியே வந்தது. ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், 2008-இல் அடிக்கல், 2013-இல் திறப்பு, தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும். அந்த அளவு திட்டத்தை எழுப்பியவர்கள்மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் ஆற்றுத் தண்ணீர் போதாத நாளில் பழைய போர் மோட்டாரையும் அதே தொட்டியில் விடுகிற ஊர்கள் உண்டு. இரண்டும் கலந்தால் ஃப்ளூரைடு எவ்வளவு என்று யாரும் அளப்பதில்லை. ஆபரேட்டரைக் கேட்டால், "தண்ணி இல்லேன்னா என்னைத்தான சார் கேப்பாங்க, ஃப்ளோரைடு இருக்குதுன்னா ஒங்களக் கேப்பாங்க" என்பார். வேலைப் பிரிவினையை இதைவிடத் தெளிவாக ஒரு அரசாணையும் சொன்னதில்லை.

இடையில் 2004 வாக்கில் குடிநீர் வாரியத்தில் விபு நாயர் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி முன்னெடுத்த ஒரு முயற்சி நடந்தது. 'கூடம்' என்று பெயர். பொறியாளர்கள் பதவி வரிசை இல்லாமல் வட்டமாக உட்கார்ந்து பேச வேண்டும். பிறகு ஊர்களுக்குப் போய் மக்களோடும் அப்படியே உட்கார வேண்டும். புதுத் திட்டம் தீட்டுமுன், இருப்பதைச் செப்பனிட்டால் போதுமா என்று முதலில் பார்க்கச் சொன்னார்கள். செயற்பொறியாளர் முன்னால் உட்கார்ந்தே பழகாதவர்களுக்கு அந்த வட்டம் முதலில் கூச்சமாக இருந்தது. சிலருக்குக் கடைசிவரை எரிச்சல். எனக்கு அதில் கிடைத்தது, எங்கள் மதிப்பீட்டு அறிக்கைகளில் 'பராமரிப்பு' என்ற தலைப்பின் கீழ் ஒரே வரி இருப்பதை எல்லோரும் வெளிப்படையாகப் பேசியதுதான். புது போர் போடப் பணம் கேட்ட ஒரு ஊரில், பழைய போரின் கசிகிற நிரப்புக் குழாயை மாற்றியதும் தொட்டி நிரம்பிவிட்டது. அந்த மாதிரி வேலைக்குத் திறப்புவிழா கிடையாது. அதனாலேயே அது அரிது.

கழிவுப் பக்கம் நான் வந்தது தாமதமாக, ஓய்வுக்குப் பின், பேரூராட்சிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையில். வீட்டுக்குள் போகிற தண்ணீரில் எண்பது சதவீதம் கழிவாக வெளியே வரும் என்று பாடப்புத்தகமே சொல்கிறது. எங்கே வருகிறது என்று தெருத் தெருவாகப் பார்த்தால்தான் தெரியும். 'செப்டிக் டேங்க் இருக்கிறது' என்று சொல்லும் வீடுகளில் பலவற்றில் இருப்பது, அடிப்பாகம் இல்லாமல் பத்துப் பன்னிரண்டு அடிக்கு உறை இறக்கிய ஒற்றைக் குழி. "இருபது வருஷமாச்சு சார், ஒரு தடவகூட எடுத்ததில்ல, நிறையவே இல்ல" என்று வீட்டுக்காரர் பெருமையாகச் சொல்வார். நிறையாததற்குக் காரணம் அது மண்ணுக்குள் போய்க்கொண்டே இருப்பதுதான். பின்புறம் இருபதடியில் அவருடைய போர். நைட்ரேட்டுக்கு வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். இப்படிப்பட்ட நெருக்கமான தெருக்களில் போர்த் தண்ணீரைச் சோதித்தால் அதைத் தாண்டுவதைப் பார்த்திருக்கிறேன். அடியில் பாறை வெடிப்புள்ளதாக இருந்தால் அடிக்கணக்கே உதவாது; கழிவு எங்கே போய் எழும் என்று சொல்ல முடியாது.

இரட்டைக் குழி என்பது நம் கிராமங்களுக்கு நல்ல ஏற்பாடு. ஆழமில்லாத இரண்டு குழி, செங்கல் இடைவெளிவிட்டுக் கட்டிய சுவர், நடுவே ஒரு பிரிப்புப் பெட்டி. ஒன்று நிறைந்தால் அடைத்துவிட்டு மற்றதுக்குத் திருப்ப வேண்டும். மூடிய குழியை இரண்டு வருடம் தொடாமல் விட்டால் நாற்றமில்லாத எருவாகிவிடும். 2014-க்குப் பின் தூய்மை இந்தியா திட்டத்தில் இதைத்தான் கட்டச் சொன்னார்கள். கட்டுகிறவர் இரண்டு குழிக்கும் ஒரே நேரத்தில் குழாய் விட்டுவிட்டால் எல்லாம் வீண். இரண்டும் ஒன்றாக நிறையும். பிரிப்புப் பெட்டியைத் திறந்து பாருங்கள் என்றால் அது சிமெண்டில் பூசியிருக்கும். முசிறியில் ஸ்கோப் என்ற தொண்டு நிறுவனம் சிறுநீரைத் தனியே பிரிக்கும் சமுதாயக் கழிவறை கட்டி, பயன்படுத்துகிறவர்களுக்கு முறைக்குப் பத்துப் பைசா கொடுத்தது. கேட்டவர்கள் சிரித்தார்கள். வயலுக்கு உரம் தருகிறவருக்குக் காசு கொடுப்பதில் சிரிக்க என்ன இருக்கிறது என்பது என் கட்சி.

நகரத்தில் லாரிதான். அந்த ஓட்டுநர்களோடு பேச ஆரம்பித்தபிறகுதான் எனக்கு இந்தத் துறை பிடிபட்டது. லாரி வாசலில் நிற்கும். தொட்டியின் மூடி எங்கே என்று வீட்டுக்காரருக்கே தெரியாது. மேலே டைல்ஸ் ஒட்டியாகிவிட்டது, அல்லது அது படுக்கையறைக்குக் கீழே. பதினைந்து வருடம் எடுக்காத கசடு அடியில் களிமண்ணாய் இறுகியிருக்கும், குழாய் உறிஞ்சாது. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை எடுத்தால் அது குழம்பாகவே இருக்கும், லாரியே எடுத்துவிடும். இறுகிவிட்டால் வீட்டுக்காரர் சொல்வது ஒன்றே: "யாராச்சும் எறங்கி அள்ளுங்கப்பா, தனியாக் காசு தரேன்."

அந்தத் தொட்டிக்குள் இருப்பது ஹைட்ரஜன் சல்பைடு. கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம். அளவு கூடியதும் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, வாயு போய்விட்டது என்று இறங்குகிறவர் நினைத்துக்கொள்வார். முதலாமவர் விழுந்ததும் காப்பாற்ற இரண்டாமவர் இறங்குவார். செய்தித்தாளில் பல நேரம் இரண்டு மூன்று பேராகச் சாவது இதனால்தான். இறங்குகிறவர்கள் எந்தச் சாதி என்று நாடு முழுக்கத் தெரியும், பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை. நம் பக்கம் பெரும்பாலும் அருந்ததியர். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பின்றி மனிதரை இறக்குவதைக் குற்றம் என்கிறது. 2014-இல் உச்ச நீதிமன்றம் இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்றது, 2023-இல் அதை முப்பது லட்சம் ஆக்கியது. பயிற்சி வகுப்பில் நான் இந்தத் தொகையைச் சொல்வதில்லை. மூடியை எங்கே வைக்க வேண்டும், லாரிக் குழாய் எட்டும் தூரம் எவ்வளவு, எத்தனை வருடத்துக்கு ஒரு முறை எடுக்க வேண்டும் என்பதைத்தான் கொத்தனார்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். கட்டட வரைபடத்துக்கு ஒப்புதல் கொடுக்கிறவர் அந்த மூடியைப் பார்த்தாலே பல உயிர் மிஞ்சும்.

எடுத்ததை எங்கே கொட்டுவது என்பது அடுத்த கதை. ராத்திரி நெடுஞ்சாலைப் பாலத்தடியில், ஏரிக்கு வரும் ஓடையில். ஓட்டுநரைப் பிடித்து அபராதம் போடுவார்கள். ஒருவர் என்னிடம் நேராகவே கேட்டார்: "ஊத்த எடம் எங்கன்னு ஒருத்தரும் காட்டல. காட்டுனா நான் ஏன்யா தூக்கத்தக் கெடுத்துக்கிட்டு ராத்திரியில ஓட்டுறேன்?" 2017-இல் மதுராந்தகம் அருகே கருங்குழியில் தமிழ்நாட்டின் முதல் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் வந்தபோது அந்தக் கேள்விக்கு ஒரு பதில் கிடைத்தது. லாரி வந்து கொட்டுகிறது, குப்பை வடிகட்டப்படுகிறது, கசடு படுகையில் காய்கிறது, வடிந்த நீர் தனியே சுத்தமாகிறது. பிறகு கோவைப் பக்கம் பெரியநாயக்கன்பாளையத்திலும், இன்னும் பல ஊர்களிலும் வந்தன. லாரிகளுக்கு இப்போது உரிமமும் ஜிபிஎஸ்ஸும் வேண்டும். இருந்தும் நிலையம் இருபது கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால் டீசல் கணக்கு பாலத்தடிக்கே சாதகமாகும். தூரத்தைக் குறைக்காமல் ஜிபிஎஸ் மட்டும் பொருத்தினால் ஓட்டுநர்கள் அதைக் கழற்றக் கற்றுக்கொள்வார்கள்.

2019-இல் வந்த ஜல் ஜீவன் திட்டத்தில் இப்போது வீட்டுக்கு வீடு குழாய். தலைக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். நாற்பது லிட்டரைத் தெருக்குழாயில் கொடுத்த காலத்திலிருந்து வந்தவனுக்கு இது சந்தோஷமான எண். ஆனால் 55-இல் எண்பது சதவீதம் 44. ஐந்து பேர் வீட்டிலிருந்து தினமும் 220 லிட்டர் வெளியே வருகிறது, கிராமத்தில் வாய்க்கால் இல்லை. தெருவில் தேங்குகிறது, கொசு வருகிறது, குழாய் மூட்டுகள் அந்தத் தேக்கத்துக்குள்ளேயே இருக்கின்றன. வீட்டுக்கு ஒரு உறிஞ்சுகுழி வெட்டச் சொல்கிறோம். வெட்டிய குழியின்மேல் அடுத்த வருடம் தெருவுக்கு சிமெண்ட் ரோடு போட்டுவிடுகிறார்கள், அதற்கு வேறு திட்டம், வேறு நிதி.

சென்ற மாதம் ஒரு ஊராட்சியில் ஆபரேட்டர்களுக்கு வகுப்பு எடுத்தேன். வந்த முதல் கேள்வி: வீட்டுக்கு வீடு குழாய் வந்தபின் வால்வுகள் மூன்றிலிருந்து ஏழாகிவிட்டன, காலையில் இரண்டு மணி நேரம் கூடுதல் வேலை, சம்பளம் மட்டும் பழையதே, இதை யாரிடம் கேட்பது? ஊராட்சிச் செயலர் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் தலைவரைப் பார்த்தார். தலைவர் டீ வந்துவிட்டது என்றார்.